பிரான்சிஸ் கால்ட்டன்

சர் பிரான்சிஸ் கால்ட்டன் (பெப்ரவரி 16, 1822 – சனவரி 17, 1911) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த புள்ளியியலாளர், மானிடவியலாளர், நாடுகாண் பயணி ஆவார். பெற்றோரின் உயரத்தைக் கொண்டு பிள்ளைகள் வளர்ந்தபின் அடையும் உயரத்தைக் கணிக்கும் முறையொன்றைத் தரவுகளின் அடிப்படையில் வகுத்துத் தந்தவர் இவர். அந்த ஆய்வின்போது இவர் கண்டறிந்த சராசரியை நோக்கிய பின்னடைவு என்னும் கருத்தும், அதனைத் தொடர்ந்து உருவான ஒட்டுறவு என்னும் அளவீடும் இன்றைய புள்ளியியலின் அடிப்படைகளுள் அடங்கும். கைரேகை, வானிலை வரைபடம், இரட்டையர் ஆய்வு ஆகிய துறைகளிலும் இவருடைய பணி குறிப்பிடத்தக்கது. பெருந்தீங்குகளுக்கு வழிவகுத்த இனமேம்பாட்டியல் என்னும் கொள்கைக்கு 1883 இல் பெயரிட்டு, அதனைப் பரப்பியவரும் இவரே.

பிறப்பும் கல்வியும்

கால்ட்டன் பர்மிங்காம் நகரை அடுத்த ஸ்பார்க்புரூக்கில் ஒன்பது பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தார். தந்தை சாமுவேல் டெர்ஷியஸ் கால்ட்டன் வங்கி உரிமையாளர். குடும்பத்தின் செல்வம் துப்பாக்கித் தயாரிப்பிலும் வங்கித் தொழிலிலும் சேர்ந்ததாகும். தாய் வயலெட்டா, மருத்துவரும் கவிஞருமான எராஸ்மஸ் டார்வினின் மகள். சார்லஸ் டார்வினுக்கும் இவருக்கும் பாட்டனார் ஒருவரே, பாட்டிமார் வேறு.

மூத்த சகோதரி அடேல் இவருக்கு வீட்டிலேயே எழுத்தறிவித்தார். மருத்துவராக்க வேண்டும் என்னும் பெற்றோரின் விருப்பப்படி பர்மிங்காம் பொது மருத்துவமனையிலும் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்றார். 1840 இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து கணிதம் கற்றார். உடல்நலமும் மனநலமும் குன்றியதால் சிறப்புத் தேர்வை எழுத இயலாமல் சாதாரணப் பட்டத்துடன் வெளியேறினார். 1844 இல் தந்தை இறந்தபின் கிடைத்த சொத்து, வாழ்நாள் முழுவதும் ஊதியத்திற்காக உழைக்க வேண்டிய தேவையில்லாமல் செய்தது. இவர் பேராசிரியர் பதவி எதனையும் வகித்ததில்லை.

பயணங்களும் அளக்கும் பழக்கமும்

எகிப்து, சூடான், சிரியா ஆகிய நாடுகளில் சுற்றிய பின்னர், 1850 முதல் 1852 வரை இன்றைய நமீபியாவின் உட்பகுதிகளில் பயணம் செய்தார். இப்பயணத்தின் புவியியல் அளவீடுகளுக்காக அரச புவியியல் கழகம் 1853 இல் இவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அதே ஆண்டில் லூயிசா பட்லரை மணந்தார். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

எண்ணக்கூடியது எதுவாயினும் அதனை எண்ணிவிடுவது கால்ட்டனின் இயல்பு. ஆப்பிரிக்காவில் ஒரு பெண்ணின் உடல் அளவுகளை அவருக்குத் தெரியாமலேயே தொலைவில் நின்று, கோணம் அளக்கும் கருவியாலும் முக்கோணவியலாலும் கணக்கிட்டதைத் தம் பயண நூலில் வேடிக்கையாக எழுதியுள்ளார். இன்று படிப்பவருக்கு அது வேடிக்கையாகத் தோன்றாது. மனிதரை ஓர் அளவுப் பொருளாகக் காணும் இப்பார்வையே இவருடைய பிற்கால வெற்றிகளுக்கும் தவறுகளுக்கும் பொதுவானது எனலாம்.

வானிலை ஆய்வில் எதிர்ச்சூறாவளி என்னும் கருத்தை அறிமுகப்படுத்தினார். இவர் வரைந்த வானிலை வரைபடம் 1875 ஏப்ரல் 1 அன்று இலண்டன் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது.

மரபு குறித்த கேள்வி

டார்வினின் உயிரினங்களின் தோற்றம் நூல் 1859 இல் வெளிவந்தபின் கால்ட்டனின் கவனம் மரபின் பக்கம் திரும்பியது. 1869 இல் வெளியிட்ட மரபுவழி மேதைமை என்னும் நூலில், புகழ்பெற்றோரின் உறவினருள் புகழ்பெற்றோர் மிகுதியாக உள்ளதைக் காட்டி, திறமை பிறப்பால் வருகின்றது என்று வாதிட்டார். செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்தவருக்குக் கல்வியும் வாய்ப்பும் எளிதில் கிடைக்கும் என்பதற்கு அந்நூல் போதிய இடம் கொடுக்கவில்லை. மனித இனங்களை உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்தும் ஓர் அத்தியாயமும் அதில் உண்டு.

மேதைமையை அளவிட முடியாது. ஆகவே அளவிடக்கூடிய ஒரு பண்பைத் தேடிய கால்ட்டன் முதலில் செடிகளை நாடினார். ஸ்வீட் பீ எனப்படும் பூப்பட்டாணியின் விதைகளை அளவு வாரியாக ஏழு வகைகளாகப் பிரித்து, 1875 இல் டார்வின் உள்ளிட்ட நண்பர்களுக்கு அனுப்பி விதைக்கச் செய்தார். பெரிய விதைகளின் வழித்தோன்றல்களும் சராசரியை விடப் பெரியனவாகவே இருந்தன. ஆனால் தாய் விதைகளின் அளவிற்குப் பெரியனவாக இல்லை. சிறிய விதைகளின் வழித்தோன்றல்கள் சிறியனவாக இருந்தாலும் தாய் விதைகளின் அளவிற்குச் சிறுக்கவில்லை. இதே நிகழ்வு மனிதரிடமும் உண்டா என்பதே அடுத்த கேள்வி.

தரவு திரட்டல்

மனித உயரம் இந்த ஆய்விற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. அளப்பது எளிது; முழு வளர்ச்சிக்குப் பின் பல ஆண்டுகள் பெரிதும் மாறாது; எலும்பு, குருத்தெலும்பு எனப் பல பகுதிகளின் கூட்டுத்தொகையாக அமைவதால் மணிவடிவப் பரவலை நெருங்கி நிற்கும். பெரும்பாலோர் உயரம் பார்த்துத் துணை தேடுவதில்லை என்றும் கால்ட்டன் தம் தரவுகளிலிருந்து முடிவு செய்தார். இம்முடிவைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை.

1884 இல் இலண்டன் தெற்கு கென்சிங்டனில் நடந்த பன்னாட்டு நலவாழ்வுக் கண்காட்சியில் தம் சொந்தச் செலவில் மனித அளவீட்டு ஆய்வகம் ஒன்றை அமைத்தார். மூன்று பென்னி கட்டணம் செலுத்தியவர்களின் உயரம், அமர்ந்த நிலை உயரம், கைவீச்சு, எடை, மூச்சுக் கொள்ளளவு, பிடி வலிமை, பார்வைக் கூர்மை முதலியன அளக்கப்பட்டன. வந்தவருக்கு அளவுகள் எழுதிய அட்டை ஒன்று கொடுக்கப்பட்டது. படியொன்று ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளப்பட்டது. மக்கள் பணம் கொடுத்துத் தங்களைத் தரவாக்கிக்கொண்ட இந்த ஏற்பாட்டில் 9,337 பேர் அளக்கப்பட்டனர்.

ஆயினும் பெற்றோர், பிள்ளைகள் என இரு தலைமுறையின் அளவுகளும் ஒன்றாகக் கிடைத்தால்தான் மரபை ஆராய இயலும். இதற்காக அதே ஆண்டில் குடும்பக் குறிப்பேடு ஒன்றை அச்சிட்டு, சிறந்த பதிவுகளுக்கு மொத்தம் 500 பவுண்டு பரிசு அறிவித்தார். வந்தவற்றிலிருந்து 205 பெற்றோர் இணைகளையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் தேர்ந்துகொண்டார். சில குடும்பத்தார் எண்ணுக்குப் பதிலாக உயரமானவர், குள்ளமானவர் என்று சொல்லால் மட்டும் எழுதி அனுப்பியிருந்தனர். கால்ட்டன் கைப்பட எழுதிய அட்டவணைகள் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இத்தரவு கணினிக் கோப்பாகவும் கிடைப்பதால் புள்ளியியல் மாணவர்கள் இதனைப் பயிற்சிக்குப் பயன்படுத்துகின்றனர்.

உயரத்தைக் கணிக்கும் முறை

ஆண்களின் உயரமும் பெண்களின் உயரமும் ஒரே அளவுகோலில் வரவேண்டும். இதற்காகக் கால்ட்டன் பெண்களின் உயரம் ஒவ்வொன்றையும் 1.08 ஆல் பெருக்கினார். பின்னர் தந்தையின் உயரத்திற்கும் தாயின் திருத்திய உயரத்திற்கும் சராசரி கண்டு, அதனை நடுப்பெற்றோர் உயரம் என்று கொண்டார். தரவின் பொதுச் சராசரி 68¼ அங்குலம். நடுப்பெற்றோர் உயரம் இதிலிருந்து எவ்வளவு விலகியுள்ளதோ, அதில் மூன்றில் இரு பங்கு அளவே பிள்ளைகள் சராசரியாக விலகியிருந்தனர்.

எடுத்துக்காட்டாக, தந்தை 72 அங்குலம், தாய் 66 அங்குலம் எனக் கொள்வோம். தாயின் திருத்திய உயரம் 71.28, நடுப்பெற்றோர் உயரம் 71.64. இது பொதுச் சராசரியை விட 3.39 அங்குலம் கூடுதல். இதில் மூன்றில் இரு பங்கு 2.26. எனவே மகனின் எதிர்பார்க்கப்படும் உயரம் 70.5 அங்குலம்; மகளுக்கு அதனை 1.08 ஆல் வகுக்க 65.3 அங்குலம். கால்ட்டனின் அட்டவணையும் இப்போக்கையே காட்டுகின்றது. நடுப்பெற்றோர் உயரம் 70.5 அங்குலமாக இருந்த குடும்பங்களில் பிள்ளைகளின் இடைநிலை உயரம் 69.5, அது 65.5 ஆக இருந்த குடும்பங்களில் 66.7.

இக்கணக்கைச் செய்ய இயந்திரம் ஒன்றையும் அவர் வடிவமைத்தார். தந்தைக்கும் தாய்க்கும் உரிய எடைகளை அவரவர் உயரத்திற்கு நேராக அளவுகோலில் நகர்த்தினால், கயிறும் கப்பியும் வழியாக மூன்றாவது எடை நகர்ந்து, மகனுக்கும் மகளுக்கும் உரிய உயரங்களைத் தனித்தனி அளவுகோல்களில் காட்டும். இதன் படம் 1886 இல் வெளியான அவருடைய கட்டுரையில் உள்ளது.

கணிப்பு எந்த அளவிற்குப் பிழைபடும் என்பதையும் அவர் கூறியதே இதன் தனிச்சிறப்பு. ஒரே நடுப்பெற்றோர் உயரம் உடைய பெற்றோரின் பிள்ளைகளில் பாதிப்பேர் மட்டுமே கணித்த உயரத்திற்கு 1.5 அங்குலம் மேலும் கீழுமான எல்லைக்குள் இருந்தனர். மீதிப் பாதிப்பேர் அதற்கும் வெளியே. உடன்பிறந்தோர் ஒருவர் நெட்டையாகவும் மற்றவர் குட்டையாகவும் இருப்பது வியப்பிற்குரியதன்று என்பது இதனால் விளங்கும்.

பின்னடைவின் பொருள்

இம்முடிவுகளை 1885 இல் அபர்தீனில் நடந்த பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகக் கூட்டத்தில் மானிடவியல் பிரிவின் தலைவராக அறிவித்தார். இதைக் கேட்பவருக்கு உடனே ஓர் ஐயம் எழும். உயரமானோரின் பிள்ளைகளும் குள்ளமானோரின் பிள்ளைகளும் சராசரியை நோக்கி வந்தால், சில தலைமுறைகளில் எல்லோரும் ஒரே உயரத்தினர் ஆகிவிட வேண்டுமல்லவா? அவ்வாறு நிகழவில்லை. காரணத்தைக் கால்ட்டனின் எண்களைக் கொண்டே சரிபார்க்கலாம்.

மக்கள்தொகை முழுவதிலும் பாதிப்பேர் சராசரியிலிருந்து 1.7 அங்குலத்திற்குள் இருந்தனர். இருவரின் உயரத்தைச் சராசரி காண்பதால் நடுப்பெற்றோருக்கு இப்பரவல் 1.21 அங்குலமாகக் குறைகின்றது. பின்னடைவு அதனை மேலும் மூன்றில் இரு பங்காக, அதாவது 0.81 ஆகச் சுருக்குகின்றது. ஆனால் ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள் 1.5 அங்குலப் பரவல் புதிதாகத் தோன்றுகின்றது. இவ்விரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் மீண்டும் 1.7 வரும். சுருங்கியது அத்தனையும் விரிந்துவிடுகின்றது. இக்கணக்கின் பொது வடிவத்தைத் தீர்ப்பதற்குக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹாமில்டன் டிக்சன் உதவினார்.

பின்னடைவு எதிர்த்திசையிலும் நிகழ்வதைக் கால்ட்டன் கவனித்தார். உயரமான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்களுடைய பெற்றோரை நோக்கினால், நடுப்பெற்றோரின் விலகல் பிள்ளைகளின் விலகலில் மூன்றில் ஒரு பங்கே இருந்தது. காலத்தில் பின்னோக்கிச் செல்லும் மரபு என ஒன்று கிடையாது. ஆகவே பின்னடைவு என்பது உயிரியல் விசையன்று. முழுமையாக ஒத்துப்போகாத இரு அளவுகளை ஒப்பிடும்போது தோன்றும் கணித விளைவு. இதன் விளிம்பு வரை வந்தும், முன்னோர்களின் செல்வாக்கு பிள்ளைகளைப் பின்னுக்கு இழுக்கின்றது என்ற விளக்கத்தைக் கால்ட்டன் கைவிடவில்லை. 1888 இல் ஒட்டுறவு பற்றிய கட்டுரையையும், 1889 இல் இயற்கை மரபுரிமை என்னும் நூலையும் வெளியிட்டார். இவற்றைக் கார்ல் பியர்சன் கணித முறையில் வளர்த்தெடுத்தார். தனித்தனியே சிறு விளைவு தரும் பல மரபுக்கூறுகள் சேர்ந்து இத்தகைய தொடர்ச்சியான பண்பை உருவாக்கும் என்பதை ரொனால்டு ஃபிஷர் 1918 இல் காட்டினார்.

பள்ளிச் சிறுவர்களின் வளர்ச்சி

பள்ளிகளில் சிறுவர்களின் உயரத்தையும் எடையையும் முறையாகப் பதிய வேண்டும் என்று கால்ட்டன் 1870களிலேயே வலியுறுத்தினார். நகர, நாட்டுப்புற உயர்தரப் பள்ளிகளில் பயின்ற 14 வயதுச் சிறுவர்களை ஒப்பிட்டபோது நாட்டுப்புறச் சிறுவர்களே உயரத்திலும் எடையிலும் மிகுந்திருந்தனர். இவர் பங்கேற்ற பிரித்தானியக் கழகத்தின் மனித அளவீட்டுக் குழு 1883 இல் அளித்த இறுதி அறிக்கையில் இதைவிடப் பெரிய வேறுபாடு உள்ளது. 11, 12 வயதில் செல்வந்தர் வீட்டுச் சிறுவர்கள், தொழிற்பள்ளிகளில் வைக்கப்பட்டிருந்த ஏழைச் சிறுவர்களை விட ஏறத்தாழ 5 அங்குலம் உயரமாக இருந்தனர்.

உணவும் வாழ்நிலையும் வளர்ச்சியை எவ்வளவு மாற்றும் என்பதற்கான சான்று இவ்வாறு அவர் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது. அவருடைய குடும்பக் குறிப்பேட்டை நிரப்பியவர்களோ பெரும்பாலும் படித்த, வசதியுள்ள குடும்பத்தினர். அவர்களிடையே உணவில் பெரிய வேறுபாடு இல்லாததால் அத்தரவில் மரபின் பங்கே மேலோங்கித் தெரிந்தது.

இடைநிலை அளவு, சதமானம் ஆகிய அளவீடுகளைப் பழக்கத்திற்குக் கொண்டுவந்ததும் கால்ட்டனே. ஒரு குழந்தை தன் வயதொத்த நூறு பேருள் எத்தனையாவது இடத்தில் நிற்கின்றது என்பதைச் சதமானம் கூறும். அமெரிக்க மருத்துவர் ஹென்றி பௌடிச் பாஸ்டன் பள்ளிக் குழந்தைகளின் அளவுகளை இம்முறைப்படி வகுத்து 1891 இல் வெளியிட்டார். மருத்துவமனைகளில் காணப்படும் வளர்ச்சி வரைபடத்தின் வளைகோடுகள் இவ்வழியில் வந்தவையாகும்.

கைரேகை

1892 இல் வெளியிட்ட நூலில், விரல் ரேகைகள் வாழ்நாள் முழுவதும் மாறாதவை என்பதை விளக்கி, அவற்றை வகைப்படுத்தும் முறையொன்றையும் கால்ட்டன் தந்தார். வங்காளத்தில் ஆட்சிப் பணியிலிருந்த வில்லியம் ஹெர்ஷல் பல ஆண்டுகளாகச் சேர்த்த ரேகைப் பதிவுகள் இதற்குப் பெரிதும் உதவின. இம்முறை பின்னர் கல்கத்தாவில் எட்வர்டு ஹென்றியின் கீழ் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரால் செம்மைப்படுத்தப்பட்டது.

இனமேம்பாட்டியல்

தகுதியுடையோர் எனக் கருதப்படுவோர் மிகுதியாகப் பிள்ளை பெறவும், தகுதியற்றோர் எனக் கருதப்படுவோர் குறைவாகப் பெறவும் செய்து மனித இனத்தை மேம்படுத்தலாம் என்பது கால்ட்டனின் உறுதியான நம்பிக்கை. 1904 இல் இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு நிதியளித்து இதற்கான ஆய்வு அமைப்பைத் தொடங்கினார். 1908 இல் இனமேம்பாட்டுக் கல்விக் கழகத்தின் மதிப்புறு தலைவரானார். தகுதியை யார் வரையறுப்பது என்னும் கேள்விக்கு அவர் தந்த விடை, பெரும்பாலும் தம் வகுப்பினரையே தகுதியுடையோர் பட்டியலில் சேர்த்தது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907 இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. செருமனியில் நாட்சி அரசு 1933 இல் இயற்றிய சட்டத்தின் கீழ் இலட்சக்கணக்கானோர் கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர். இவை கால்ட்டன் நேரடியாகச் செய்தவை அல்ல. செருமானியச் சட்டம் அவர் இறந்து 22 ஆண்டுகளுக்குப் பின் வந்தது. எனினும் இச்சட்டங்களுக்கு அறிவியல் போர்வை அளித்த கொள்கை அவருடையதே. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2020 இல் தன் விரிவுரை மண்டபம் ஒன்றிலிருந்து கால்ட்டனின் பெயரை நீக்கியது.

இறுதிக் காலம்

மனைவி லூயிசா 1897 இல் பிரான்சில் பயணத்தின்போது இறந்தார். கால்ட்டன் முதுமையிலும் எண்ணுவதை விடவில்லை. கால்நடைக் கண்காட்சி ஒன்றில் எருதின் எடையை ஊகித்த 787 பேரின் சீட்டுகளை ஆராய்ந்து, தனித்தனியே பிழைபட்ட ஊகங்களின் இடைநிலை அளவு உண்மை எடைக்கு மிக அருகில் இருந்ததை 1907 இல் எழுதினார். 1909 இல் சர் பட்டமும், 1910 இல் அரச கழகத்தின் கோப்ளி பதக்கமும் பெற்றார். 1911 இல் ஹேசில்மியர் என்னும் ஊரில் காலமானார். வாரிக்ஷயர் மாவட்டம் கிளேவர்டன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற நிதியில் நிறுவப்பட்ட பேராசிரியர் பதவியில் கார்ல் பியர்சன் முதலாவதாக அமர்ந்தார்.

உயரக் கணிப்பின் பிற்கால வளர்ச்சி

ஜேம்ஸ் டானர், ஹார்வி கோல்ட்ஸ்டைன், ரெஜினால்டு ஒயிட்ஹவுஸ் ஆகியோர் 1970 இல், பெற்றோரின் உயரத்தையும் கணக்கில் கொண்ட குழந்தை வளர்ச்சி அளவுகளை வெளியிட்டனர். குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய விதி, பெற்றோர் உயரங்களின் கூட்டுத்தொகையுடன் மகனாயின் 13 செ.மீ. கூட்டி, மகளாயின் 13 செ.மீ. கழித்து, இரண்டால் வகுப்பதாகும். ஆண் பெண் வேறுபாட்டிற்குக் கால்ட்டன் பெருக்கினார். இவ்விதி கூட்டிக் கழிக்கின்றது. மேற்கண்ட எடுத்துக்காட்டின் தந்தைக்கும் தாய்க்கும் இவ்விதி மகனின் உயரமாக ஏறத்தாழ 182 செ.மீ. எனத் தரும், கால்ட்டனின் முறையில் 179 செ.மீ. வருகின்றது. எளிய விதியில் பின்னடைவு சேர்க்கப்படாததே இதற்கு முதன்மைக் காரணம். மிக உயரமான அல்லது மிகக் குள்ளமான பெற்றோருக்கு இது தவறான எதிர்பார்ப்பைத் தரும் என்பதால், பின்னடைவைச் சேர்த்த திருத்தம் ஒன்றை ஹெர்மானுசன், கோல் ஆகியோர் 2003 இல் முன்வைத்தனர்.

பெற்றோரின் உயரம் குழந்தை சென்றடையும் இடத்தைத்தான் ஏறத்தாழக் காட்டும். செல்லும் வேகத்தைக் காட்டாது. குழந்தை முதல் ஆண்டில் சுமார் 25 செ.மீ. வளர்கின்றது. பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. என வேகம் தணிகின்றது. பூப்புப் பருவத்தில் மீண்டும் எழுச்சி வருகின்றது. பெண் குழந்தைகளுக்கு இவ்வெழுச்சி ஏறத்தாழ இரண்டு ஆண்டு முந்தி வருவதால், 12 வயது அளவில் அவர்கள் ஆண் குழந்தைகளை விட உயரமாகக் காணப்படுவதுண்டு. நீண்ட எலும்புகளின் முனையிலுள்ள வளர்தட்டுகள் மூடியதும் வளர்ச்சி நின்றுவிடும். வகுப்பிலேயே குள்ளமான 13 வயதுச் சிறுவன் ஒருவன் பூப்புத் தாமதித்தவனாக மட்டும் இருக்கலாம். அவன் பின்னர் தன் நண்பர்களை எட்டிப்பிடித்துவிடுவான். இதனை அறிய இடக்கை மணிக்கட்டின் எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கொண்டு எலும்பு வயது கணிக்கப்படுகின்றது. எலும்பு வயதிலிருந்து இறுதி உயரத்தைக் கணிக்கும் அட்டவணைகளை நான்சி பெய்லி, சாமுவேல் பின்னோ ஆகியோர் 1952 இல் வெளியிட்டனர்.

மரபின் எல்லைக்கு வெளியே நிகழும் மாற்றங்களும் பதிவாகியுள்ளன. 1896 இல் பிறந்த தென் கொரியப் பெண்களை விட 1996 இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரமானவர்கள் என்பதை 2016 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஒரு நூற்றாண்டில் மரபணுக்கள் இவ்வளவு மாறுவதில்லை.

2009 இல் வெளியான ஆய்வொன்று கால்ட்டனின் முறையை மரபணு முறையுடன் நேருக்கு நேர் ஒப்பிட்டது. அதுவரை அறியப்பட்டிருந்த 54 மரபணு இடங்கள் உயர வேறுபாட்டில் 4 முதல் 6 விழுக்காட்டை மட்டுமே விளக்கின. பெற்றோரின் உயரம் 40 விழுக்காட்டை விளக்கியது. 2022 இல் 54 இலட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்து 12,111 மரபணு மாறுபாடுகள் கண்டறியப்பட்ட பின்னரே மரபணு முறை, ஐரோப்பிய வழியினரில், 40 விழுக்காட்டைத் தொட்டது. ஆய்வுக்குட்பட்டோரில் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வழியினர் என்பதால் ஏனைய மக்களிடையே அதே மாறுபாடுகள் 10 முதல் 20 விழுக்காடு வரையே விளக்குகின்றன.